கடன் காசு போவதற்கு முன் நிறுத்துங்கள், மற்றதெல்லாம் பிறகு

கேள்வி: நான் கொண்டாவிலில் வசிக்கிறேன். மகனுக்கு 21 வயது. உயர்தரத்தில் இசட் புள்ளி போதாமல் போனதால், யாழ் நகரில் உள்ள ஒரு தனியார் கல்வி நிலையம் மூலம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் கணினிப் பட்டத்தை ஒன்லைனில் படிக்கப் பதிந்தோம். அங்கே கூட்டிக்கொண்டு போனவர் என் ஒன்றுவிட்ட அண்ணன். அவருக்கு அதில் கொமிஷன் இருந்தது பிறகுதான் தெரிந்தது. பதிவுக் கட்டணம் 150,000 ரூபா கட்டிவிட்டோம். மிகுதி 12 இலட்சத்துக்குக் கல்வி நிலையமே ஒரு நிதிக் கொம்பனியைக் காட்டியது. மகன் கடனாளி, நானும் ஆசிரியராக இருக்கும் என் தம்பியும் பிணை. கையெழுத்தெல்லாம் வைத்தாயிற்று. அடுத்த வாரம் காசு நேரே கல்வி நிலையத்துக்குப் போகுமாம். இப்போது கனடாவில் இருக்கும் மருமகன் தேடிப் பார்த்துவிட்டு, அந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பட்டியலிலும் இல்லை என்கிறார். கல்வி நிலையத்தில் கேட்டால், "யூஜிசி (பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு) அங்கீகாரம் இருக்கு, பயப்படாதேங்கோ" என்கிறார்கள். மகன் சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. அண்ணன் மேல் பொலிஸில் முறைப்பாடு செய்யலாமா? கட்டிய காசையும் நட்டஈட்டையும் வாங்க முடியுமா? மருமகன் எல்லாவற்றையும் பேஸ்புக்கில் போடப்போகிறேன் என்று நிற்கிறார்.

பதில்: அம்மா, உங்கள் கோபம் பெரும்பாலும் அண்ணன் மேல்தான். சொந்தக்காரப் பிள்ளையைக் கொமிஷனுக்காக மாட்டிவிட்டாரே என்ற வேதனை எனக்கு விளங்குகிறது. ஆனால் அவர் உறவு என்பதோ, கொமிஷன் எடுத்தார் என்பதோ இந்த வாரம் உங்களுக்கு உதவப்போவதில்லை. கடிதத்தில் சட்டப்படி பெறுமதி உள்ள வரி ஒன்றுதான்: கடன் காசு இன்னும் போகவில்லை.

அதை நிறுத்துங்கள். இதை உங்களுக்குத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டேன். இதே நிலையில் இன்னும் பல குடும்பங்கள் இருப்பதால் இங்கே விரித்து எழுதுகிறேன்.

கடனை விடுவிக்க வேண்டாம் என்று மகன் ஒரு கடிதம், பிணையிலிருந்து விலகுகிறேன் என்று நீங்கள் ஒரு கடிதம், தம்பி தனியாக ஒரு கடிதம். மூன்றையும் கொம்பனிக் கிளையில் நேரே கொடுத்துப் பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள். தலைமை அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். வெளிக்கள உத்தியோகத்தருக்குத் தொலைபேசியில் சொன்னது சொன்னதாகாது. ஆவணக் கட்டணம் என்று ஒரு தொகையைக் கழிப்பார்கள், கழிக்கட்டும். காசு கைமாறுவதற்கு முன் விலகிய பிணையாளிக்காக வாதாட இடமிருக்கிறது. கைமாறிய பின் அந்த இடம் அநேகமாக மூடிவிடும்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், நீங்கள் வைத்திருப்பது இரண்டு ஒப்பந்தம். படிப்புக்குக் கல்வி நிலையத்தோடு ஒன்று, கடனுக்கு நிதிக் கொம்பனியோடு ஒன்று. காசு போய்விட்டால், பட்டம் செல்லாததாக இருந்தாலும், கல்வி நிலையமே கதவைப் பூட்டிக்கொண்டு போனாலும், கடன் நிற்கும். "அவர்கள்தானே கொம்பனியைக் காட்டினார்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள். இரண்டு தரப்பும் தெரிந்தே சேர்ந்து ஏமாற்றினார்கள் என்று ஆவணத்தோடு காட்ட முடிந்தால் அது வாதம். ஒரு விசிட்டிங் காட்டை மட்டும் வைத்துக்கொண்டு அதைக் காட்ட முடியாது.

சட்டத்தரணியான என்னிடம் வரும் குடும்பங்கள் திரும்பத் திரும்ப விழும் இடம் இதுதான். படிப்பு சரியில்லை என்று தெரிந்ததும் கோபத்தில் தவணையை நிறுத்திவிடுகிறார்கள். "வழக்குப் போடட்டும், கோட்டில் நியாயத்தைச் சொல்லுவோம்" என்று இருந்துவிடுகிறார்கள். அந்த வழக்கு நீங்கள் நினைக்கிற மாதிரி நடக்காது. 1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் கீழ் வங்கியோ பதிவுபெற்ற நிதிக் கொம்பனியோ சத்தியக் கடதாசியும் ஆவணங்களும் வைத்தால், உங்கள் பக்கத்தைக் கேட்பதற்கு முன்பே நீதிமன்றம் டிக்கிரி நைசை, அதாவது நீங்கள் திகதிக்குள் காரணம் காட்டாவிட்டால் இறுதியாகிவிடும் இடைக்காலக் கட்டளை, கொடுக்கும். அதற்குப் பிறகு, வந்து பேசவே நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கக் கோரிய தொகையை நீதிமன்றத்தில் கட்ட வேண்டும், அல்லது அதற்கு ஈடு வைக்க வேண்டும், அல்லது விசாரிக்க வேண்டிய ஒரு பிரச்சினை உண்மையிலேயே உண்டு என்று சத்தியக் கடதாசியில் காட்ட வேண்டும். விரிவுரை தரமில்லை, பட்டம் செல்லாது என்பவை கல்வி நிலையத்தோடு உள்ள பிரச்சினைகள். கடன் கொடுத்தவனுக்கு எதிராக அவை எடுபடுவது கடினம். நைசை வீட்டுக்கு வந்த பிறகும் அதைச் சாமிப்படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டு, திகதி தவறிய பின் ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்போது என்னால் செய்யக்கூடியது மிகக் குறைவு. அடுத்து வருவது பிஸ்கல், சொத்தைப் பறிமுதல் செய்யும் நீதிமன்ற உத்தியோகத்தர்.

அதைவிடக் கொடுமை பிணையாளியின் நிலை. எங்கள் நாட்டின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தில் பிணையாளிக்கு இரண்டு பாதுகாப்பு இருக்கிறது: முதலில் கடனாளியின் சொத்தில் அறவிடு, பிறகு என்னிடம் வா என்று சொல்லலாம், பிணையாளிகள் பலர் இருந்தால் என் பங்கை மட்டும் கேள் என்றும் சொல்லலாம். கொம்பனிகளின் அச்சடித்த பிணைப் பத்திரத்தில் இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்கிறேன் என்ற வாசகம் வழமையாக இருக்கும். உங்கள் பிரதியில் தேடிப் பாருங்கள். பிரதியே தரவில்லையென்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த வாசகம் இருந்தால் கொம்பனி நேரே யாரிடமும் போகலாம். மகனுக்கு வருமானம் இல்லை, உங்களுக்கும் இல்லை. மாதம் தவறாமல் சம்பளம் எடுப்பவர் உங்கள் தம்பி ஒருவர்தான். முழுத் தொகையும் வட்டியும் அவருடைய தலையில் விழும். கடன் தவறியவர்களின் விபரமும் பதியப்படும் கடன் தகவல் பணியகத்தில் (கிரிப்) பெயர் விழுந்தால் நாளைக்கு அவர் ஒரு வீட்டுக் கடனுக்குப் போனாலும் வங்கி அதைத்தான் முதலில் பார்க்கும். கொம்பனியோடு வழக்கு முடிந்தும் அக்கா தம்பிக்குள் பேச்சு வராமலே போன குடும்பங்களை எனக்குத் தெரியும்.

வாசகர்களில் யாருக்காவது காசு ஏற்கனவே போய்விட்டதென்றால் என் பதில் கசப்பானது: கடனைக் கட்டிக்கொண்டே கல்வி நிலையத்தோடு சண்டை பிடியுங்கள். கட்ட முடியாவிட்டால் முதல் தவணை தவறுவதற்கு முன் கொம்பனிக்குப் போய், தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். அவர்கள் மறுத்தால் மத்திய வங்கியில் நிதி நுகர்வோருக்கென்று ஒரு திணைக்களம் இருக்கிறது, அங்கே முறையிடலாம்.

இன்னொரு ஆபத்து, இது பலருக்குத் தெரியாது. பொய் சொல்லி ஒப்பந்தம் செய்வித்தால் அதை ரத்துச் செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் உண்மை தெரிந்த பிறகும் வகுப்புக்குப் போனால், பரீட்சைக்குப் பதிந்தால், இன்னொரு தவணை கட்டினால், ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள் என்று எதிர்த்தரப்பு வாதாடும். அது பலமான வாதம். ஆகவே மகன் இன்று முதல் வகுப்புக்குள் நுழையக் கூடாது. "கட்டின காசுக்கு இந்த மாதம் மட்டும் பார்ப்பம்" என்பதும் வேண்டாம்.

சரி, பட்டம் உண்மையில் செல்லுமா செல்லாதா? மருமகனின் தேடல் போதாது. கல்வி நிலையம் சொல்வதும் போதாது. "யூஜிசி அங்கீகாரம்" என்றால் யாருக்கு, எதற்கு என்று கேளுங்கள். கம்பனிகள் சட்டத்தின் கீழ்ப் பதிந்த சான்றிதழ் ஒரு வியாபாரம் இருக்கிறது என்பதைக் காட்டும், அவ்வளவுதான். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு தொழிற்பயிற்சிக்கு உரியது. அதை வைத்துப் பட்டம் கொடுக்க முடியாது. உள்ளூர் நிறுவனம் தானே பட்டம் கொடுப்பதானால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் 25அ பிரிவின் கீழ் வர்த்தமானி அறிவித்தல் இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், சர்வதேசப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் உலகப் பட்டியலில் அதன் பெயர் எழுத்துப் பிசகாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிரபலமான ஒரு பெயரோடு ஒரு சொல்லைச் சேர்த்து நடத்துபவர்கள் உண்டு. அத்தோடு அந்த நாட்டின் அரச பதிவேட்டையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்துக்கு மாணவர் அலுவலகத்தின் (Office for Students) பதிவேடு, இந்தியாவுக்கு அங்குள்ள மானியக் குழு ஒன்லைன் படிப்புக்கு அனுமதித்த நிறுவனங்களின் பட்டியல். "சர்வதேசத் தரச் சான்று" என்று ஒரு முத்திரையைக் காட்டினால், அந்தச் சான்றைக் கொடுத்தவர் யார் என்று தேடுங்கள். 2015இல் கராச்சியின் ஆக்சாக்ட் நிறுவனம் அம்பலமானபோது, போலிப் பல்கலைக்கழகங்களோடு போலித் தரச்சான்று அமைப்புகளையும் அதுவே நடத்தியது வெளியே வந்தது.

நீங்கள் கொழும்பிலுள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கே எழுதி, பல்கலைக்கழகத்தின் முழுப் பெயர், நாடு, பட்டத்தின் பெயர், ஒன்லைன் என்ற விபரம் எல்லாவற்றையும் கொடுத்து எழுத்தில் பதில் கேளுங்கள். அந்தப் பதில்தான் உங்கள் கையில் இருக்கப்போகும் மிகப் பெரிய ஆயுதம்.

இனி 150,000 ரூபா. வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமரசத்துக்குப் போங்கள். நீங்கள் கையெழுத்து வைத்த விண்ணப்பத்தில் பதிவுக் கட்டணம் திருப்பித் தரப்படாது என்றும், அங்கீகாரத்தை நானே விசாரித்துத் திருப்தியடைந்தேன் என்றும் இருக்கும். பெரும்பாலான படிவங்களில் இருக்கிறது. எழுத்தில் உள்ளதற்கு எதிராக வாய்ப்பேச்சைச் சாட்சியமாக வைக்கச் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 92ஆம் பிரிவு தடை. மோசடியைக் காட்டினால் விலக்கு உண்டு. ஆனால் அதை நிரூபிக்க யாழ் மாவட்ட நீதிமன்றத்தில் வருடக்கணக்கில் நிற்க வேண்டும். கிடைக்கும் தொகையை எனக்கும் தட்டச்சுக்கும் போக்குவரத்துக்குமே செலவழித்துவிடுவீர்கள். மகனின் ஒரு வருடத்துக்கு நட்டஈடு கேட்பதையும் மறந்துவிடுங்கள். பாதிக் காசு திரும்ப வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுக்கும் ஆணைக்குழுவின் பதில் கடிதம் உங்களிடம் இருப்பது பிடிக்காது, அதனால் பேசுவார்கள். பேச்சு இழுபட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். அதற்கு 3 மாதம்தான் காலம் என்பதால் திகதியைக் கணக்கில் வைத்திருங்கள்.

பொலிஸ் முறைப்பாடு செய்ய உரிமை இருக்கிறது. ஆனால் அண்ணன் பட்டம் செல்லாது என்று தெரிந்தே சொன்னார் என்பதற்கு உங்களிடம் ஒன்றும் இல்லை. "இது சிவில் விசயம்" என்று அனுப்பிவிடுவார்கள். பேஸ்புக் வேண்டவே வேண்டாம். இப்போது நீங்கள் முறைப்பாட்டாளர். ஒரு பதிவு போட்டால் மானநட்ட வழக்கில் எதிராளி. மருமகனிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அவர் உதவ விரும்பினால், வட்ஸ்அப்பில் அண்ணனும் கல்வி நிலையமும் அனுப்பிய செய்திகள், குரல் பதிவுகள் எல்லாவற்றையும் பத்திரமாகச் சேமித்துத் தரட்டும். 2006ஆம் ஆண்டின் இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டப்படி அவை சாட்சியமாகும். மகன் போனை மாற்றுவதானாலும் பழைய போனை விற்க வேண்டாம்.

மகனைப் பற்றி. 21 வயதில் எதுவும் கெட்டுப்போகவில்லை. கணினிதான் விருப்பம் என்றால் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி பிஐடி என்ற வெளிவாரிப் பட்டத்தை நடத்துகிறது. இணையத்திலேயே படிக்கலாம், செலவு நீங்கள் சொன்ன தொகைக்குக் கிட்டவும் வராது. திறந்த பல்கலைக்கழகத்துக்கு யாழ்ப்பாணத்திலேயே பிராந்திய நிலையம் இருக்கிறது. தனியார் பட்டம்தான் வேண்டுமென்றால், அரசின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டத்தில் அந்தப் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அமைச்சு ஏற்றுக்கொண்ட பட்டங்களுக்குத்தான் அந்தக் கடன். மூன்று நிதிக் கொம்பனிகள் கடன் தரத் தயாராக இருப்பதைவிட அது நல்ல சோதனை.

கடைசியாக, கல்வி நிலையத்தோடு சமரசமானால் அவர்கள் நீட்டும் தாளில் அப்படியே கையெழுத்து வைக்காதீர்கள். காசு திரும்பும் திகதி, மகனின் பதிவு ரத்து, அவனுடைய உயர்தர மூலச் சான்றிதழ் திரும்பத் தருவது, நீங்கள் மூவரும் கையெழுத்திட்டு நிரப்பாமல் விட்ட தாள்களும் காசோலைகளும் திரும்பத் தருவது, இவை எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடனும் பிணையும் ரத்து என்று நிதிக் கொம்பனியிடம் தனியாக ஒரு கடிதம் வாங்க வேண்டும். அந்தக் கடிதம் கைக்கு வரும்வரை கல்வி நிலையத்தின் எந்தத் தாளிலும் தம்பியைக் கையெழுத்து வைக்க விடாதீர்கள்.