பதில்: வில்லை இழுத்ததும் மான் ஓடிருது

பிரதர், அமெரிக்காவுல விஸ்கான்சின்ல ஃப்ரெண்டோட நிலத்துல கிரவுண்ட் பிளைண்ட் (வேட்டைக்குத் தரையில ஒளிஞ்சு உக்கார்ற கூடாரம்) போட்டு ரெண்டு சீசனா உக்காந்தும், வான்கோழி கிட்ட வருது, மான் மட்டும் வில்லை இழுக்கறப்பவே ஓடிருதுன்னு எழுதிருந்தீங்க. முதல்ல பின்பக்க ஜன்னலை மூடுங்க, அது வழியா வெளிச்சம் வந்தா நீங்க அசையறது அப்படியே தெரியும், உள்ள கறுப்பு சட்டை கறுப்பு கிளவுஸ் போடுங்க, கேமோவை (காட்டு நிறத்துல இருக்கற வேட்டை உடுப்பு) விட அதுதான் இருட்டோட சேரும். காத்து உங்ககிட்டேர்ந்து மான் வர்ற பக்கம் அடிச்சா அன்னிக்கு அங்க உக்காரவே உக்காராதீங்க. பிளைண்டை ரெண்டு மூணு வாரம் முன்னாடியே வச்சு சுத்தி கிளை சொருகிருங்க, திடீர்னு கூடாரம் முளைச்சா மான் சந்தேகப்படும், வான்கோழி பெருசா கண்டுக்காது, அதுக்கு மோப்பம் கம்மி ஆனா கண்ணு பயங்கர கூர்மை. மான் தலை மரத்துக்குப் பின்னாடி மறையறப்ப இழுங்க, ஆண் வான்கோழின்னா தோகைய விரிச்சு முதுகைக் காட்டறப்ப.

இன்னொண்ணு, ஸ்டூல்ல உக்காந்தே பிராக்டீஸ் பண்ணுங்க. வில்லுல இருக்கற குறி பாக்கற சைட் வழியா பாத்தா வழி கிளியரா இருக்கும், ஆனா அம்பு அதுக்குக் கீழ இருக்கு, எனக்கு ஒரு தடவை ஜன்னல் ஓரத்துல இடிச்சு தப்பான இடத்துல பட்டு, அந்த மானை ராத்திரி முழுக்க தேடியும் கிடைக்கல, இன்னும் மனசு வலிக்குது. இப்பல்லாம் 20 கஜத்துக்கு மேல நான் விடறதே இல்ல.