வலியில்லாத புண் தானாக ஆறிவிட்டால் விட்டுவிடலாமா?

"ஆணுறுப்பில் வலியே இல்லாமல் ஒரு புண் வந்தது. மூன்று வாரத்தில் தானாக ஆறிவிட்டது. இனியும் டாக்டரைப் பார்க்க வேண்டுமா? பால்வினை நோயை எந்த அறிகுறியால் கண்டுபிடிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் பாருங்கள், இந்த வாரமே. பால்வினை நோய்ப் பிரிவில் ஆலோசகராக இருக்கிறேன். முற்றிய நிலையில் வருகிறவர்களிடம் பழையதைக் கேட்டால், "ஒரு புண் வந்துச்சு, அதுவா போயிடுச்சு" என்பார்கள்.

நீங்கள் சொல்வது சிபிலிஸ் என்ற பால்வினை நோயாக இருக்கலாம். கிருமி தொற்றி 10 முதல் 90 நாளுக்குள், பெரும்பாலும் மூன்றாவது வாரத்தில், ஒற்றைப் புண் வரும். தொட்டால் அடிப்பக்கம் சட்டைப் பித்தான் போலக் கெட்டியாக இருக்கும். வலிக்காது. தொடையிடுக்கில் நெறி கட்டியிருக்கும், அதுவும் வலிக்காது. 3 முதல் 6 வாரத்தில் மருந்தே இல்லாமல் ஆறிவிடும். ஆறுவது புண் மட்டும்தான், கிருமி ரத்தத்தில் இருக்கும். அடுத்த சில வாரங்களில் உடம்பில் தடிப்பு வரும், பெரும்பாலும் அரிக்காது. அதனால்தான் வருகிறவர்களிடம் முதலில் உள்ளங்கையைக் காட்டச் சொல்வோம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் செம்பு நிறப் புள்ளிகள் இருந்தால் உடனே சந்தேகம் வரும். வீட்டில் இதை உடம்புச் சூடு என்பார்கள், படர்தாமரைக் களிம்பு தடவுவார்கள். அதுவும் மறைந்துவிடும். பல வருடம் கழித்து மூளையையோ இதயத்தையோ பாதிக்கும்போது ரொம்பத் தாமதமாகியிருக்கும்.

வெட்டை நோய் (கொனோரியா) இப்படி ஒளியாது. ஆண்களுக்குச் சில நாட்களிலேயே சிறுநீர் எரியும், மஞ்சளாகச் சீழ் வரும். நீர்க்கடுப்பு என்று இளநீர் குடித்துக்கொண்டு நாளைக் கடத்தக்கூடாது. கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து வலித்து, விட்டுவிட்டு வந்தால் அது ஹெர்பிஸாக இருக்கலாம்.

பெண்களுக்குத்தான் சிக்கல் அதிகம். கிளமிடியா என்ற பால்வினை நோய் தொற்றிய பெண்களில் பெரும்பாலானோருக்கு அறிகுறியே இருக்காது, ஆனால் கருக்குழாய் அடைத்துக் குழந்தைப்பேறு தடைபடலாம். வெள்ளைப்படுவதெல்லாம் பால்வினை நோய் என்று பயப்படவும் வேண்டாம். திரிதிரியாக வெள்ளைப்பட்டு அரித்தால் பெரும்பாலும் பூஞ்சைத் தொற்றுதான். மஞ்சள் பச்சையாக, நாற்றத்துடன் பட்டாலோ, அடிவயிறு வலித்தாலோ, உறவின்போது வலித்தாலோ தள்ளிப்போடாமல் வர வேண்டும்.

சரி, எங்கே போவது? தமிழ்நாட்டில் என்றால் அரசு மருத்துவமனையில் சுகவாழ்வு மையம் எங்கே என்று கேளுங்கள். எச்ஐவி சோதனைக்கு நம்பிக்கை மையம். இரண்டும் இலவசம். கேட்கத் தயக்கமாக இருந்தால் 1097க்குப் போன் செய்யுங்கள், அதற்கும் கட்டணமில்லை. எச்ஐவி முடிவை உங்கள் சம்மதமின்றி வெளியே சொல்ல 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதிக்கிறது.

சிபிலிஸுக்கு முதலில் விடிஆர்எல் என்ற ரத்தப் பரிசோதனை செய்வோம், முடிவைப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு பரிசோதனையும் செய்து டாக்டர் உறுதி செய்வார். ஆரம்ப நிலை என்றால் 24 லட்சம் யூனிட் பென்சிலின் ஊசி ஒரே தடவை. இடுப்பில் நன்றாக வலிக்கும், ஆனால் அவ்வளவுதான் சிகிச்சை. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்றால் முன்பே சொல்லிவிடுங்கள். மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள், நோய் பாதியில் அமுங்கிப் பரிசோதனையையும் குழப்பும்.

அப்புறம், வரும்போது துணையையும் அழைத்து வாருங்கள். அவருக்கு ஒன்றும் தெரியாமலே தொற்று இருக்கலாம். கர்ப்பமாக இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம், சிபிலிஸ் வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் போகும். அதே பென்சிலினைத் தாய்க்கு நேரத்தில் போட்டால் குழந்தையையும் காப்பாற்றலாம்.