மர டிரைபாட் வாங்குவதற்கு முன், இருக்கிற காலைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: 400 மி.மீ. லென்ஸில் நிலாவும் நீர்ப்பறவைகளும் எடுக்கிறேன். அலுமினிய டிரைபாட்டில் வைத்தும் அந்திநேரப் படங்கள் லேசாகக் கலங்கிவிடுகின்றன. கார்பன் ஃபைபருக்கு மாறச் சொல்கிறார் கடைக்காரர். மரக்கால் வைத்த டிரைபாட்தான் அதிர்வை விழுங்கும் என்கிறார் நண்பர். மரம் ஈரத்தில் ஊறிப் பாழாகாதா? வாங்கலாமா?

பதில்: வாங்கலாம், பாழாகாது. ஆனால் உங்கள் படம் கலங்குவதற்குக் கால்கள்தான் காரணமா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. கடைக்காரர் பார்க்க மாட்டார்; பார்த்தால் அவருக்கு வியாபாரம் இல்லை. நீங்களே பார்த்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலைதான்.

கேமராவை லென்ஸோடு மாட்டி, தூரத்தில் கூர்மையான விளிம்புள்ள ஏதாவது ஒன்றில் ஃபோகஸ் செய்யுங்கள். அதிர்வுத் தடுப்பை அணைத்துவிட்டு, திரையில் காட்சியைப் 10 மடங்கு பெரிதாக்குங்கள். இப்போது ஒரு காலை விரல் நுனியால் சுண்டுங்கள். படம் நடுங்கும், எப்போது அடங்குகிறது என்று பாருங்கள். கேமராவை உயர்த்தும் நடுத்தண்டை முழுக்க இறக்கிவிட்டு மறுபடி சுண்டுங்கள். தண்டை இறக்கியதும் சட்டென்று அடங்கினால், உங்களுக்குப் புது டிரைபாட் தேவையில்லை, தண்டைத் தூக்காமல் இருந்தாலே போதும். இறக்கிய பிறகும் நடுங்கிக்கொண்டே இருந்தால், லென்ஸின் பாதத்தையும் (டிரைபாட்டில் பூட்டும் அடிப்பகுதி) தலைப்பகுதியையும் (கால்களுக்கு மேல் கேமராவைத் தாங்கித் திருப்பும் பகுதி) கையால் லேசாக அசைத்துப் பாருங்கள். அங்கே ஆட்டம் இருந்தால் தேக்கில் கால் செய்து போட்டாலும் பயனில்லை. இரண்டும் சரியாக இருந்து, நடுக்கம் மட்டும் அடங்கவில்லை என்றால்தான் மரத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

எந்தப் பொருளானாலும் அதிரத்தான் செய்யும். அந்த அதிர்வு எவ்வளவு சீக்கிரம் சாகிறது என்பதில்தான் வித்தியாசம். அலுமினியக் குழாயைச் சுண்டினால் மணி போல ஒலித்துக்கொண்டே இருக்கும், ஏனென்றால் உலோகத்துக்குள் அதிர்வைத் தேய்த்து அழிக்கும் உராய்வு மிகக் குறைவு. மரத்தின் இழைகள் ஒன்றோடொன்று உரசி அந்த ஆற்றலை வெப்பமாக்கித் தீர்த்துவிடும். நல்ல மர டிரைபாட்கள் பெரும்பாலும் ஆஷ் மரத்தில் செய்யப்படுகின்றன. நீள இழையும் நெகிழ்வும் உள்ள மரம் அது. கோடாரிப் பிடிக்கும் பேஸ்பால் மட்டைக்கும் நெடுங்காலம் அதைத் தேடியது இதனால்தான். ஜெர்மனியின் சாக்சனியில் உள்ள பெர்லபாக் நிறுவனம் 1898-இலிருந்து இயங்குகிறது, இன்றும் ஆஷ் மரத்தில்தான் டிரைபாட் செய்கிறது. பழமைப் பாசத்தால் மட்டும் இத்தனை காலம் ஒரு பொருள் விற்றுவிடாது.

கார்பன் ஃபைபர் மோசமில்லை. கிட்ஸோ நிறுவனம் 1994-இல் அதை டிரைபாட்டுக்குக் கொண்டுவந்தது. விறைப்பு அதிகம், எடை குறைவு, அதிலுள்ள பிசினும் அதிர்வை அலுமினியத்தைவிட நன்றாகவே அடக்கும். ஆனால் எடை குறைவு என்பது தூக்கிச் செல்பவருக்குத்தான் வரம், காற்றில் நிற்கும் நீண்ட லென்ஸுக்கு இல்லை. மர டிரைபாட் தலை இல்லாமலே 3 கிலோவை நெருங்கும், தாண்டவும் செய்யும். அந்த எடைதான் அதை நிற்க வைக்கிறது.

அந்திநேரப் படங்கள் மட்டும் ஏன் கெடுகின்றன? ஏறக்குறைய 1/60 நொடியிலிருந்து 1 நொடி வரையிலான ஷட்டர் வேகம்தான் அதிர்வுக்கு இரையாகும் இடம். அதைவிட வேகமாக இருந்தால் நடுக்கம் படத்தில் பெரும்பாலும் தெரியாது. பல நொடிகள் நீண்டால் தொடக்க நடுக்கம் கணக்கில் வராது. வெளிச்சம் இறங்கும்போது நீங்கள் சரியாக அந்த இடத்தில்தான் நிற்கிறீர்கள். கேமராவிலேயே உள்ள 2 நொடி டைமரும் எலக்ட்ரானிக் முதல் திரையும் (ஷட்டரின் முதல் திரை அசையாமலே படப்பதிவைத் தொடங்கும் வசதி) இலவசம். அவற்றை முதலில் பயன்படுத்துங்கள்.

இனி வியாபாரிகள். "15 கிலோ தாங்கும்" என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். அந்த எண்ணை அளக்க எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரே முறை கிடையாது. அவரவர் தொழிற்சாலையில் அவரவர் அளந்தது. உடையாது என்கிறதா, ஆடாது என்கிறதா, அதுவும் தெரியாது. கேமரா விஷயத்தில் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் பரிசோதனை நடத்தும் இந்தத் துறை, அதைத் தாங்கும் காலுக்கு ஒரு பொதுவான அளவுகோலை இன்னும் வைக்கவில்லை. வைத்தால் பாதி விளம்பரம் போய்விடும் என்று நினைக்கிறேன். விமர்சனம் எழுதுகிறவர் பலரும் கீழே உள்ள சுட்டியில் நீங்கள் வாங்கினால் கமிஷன் பெறுகிறவர்கள். அதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம், பித்தளை மூட்டும் பளபள வார்னிஷும் போட்ட 'பழங்காலக் கப்பல் டிரைபாட்'. அது விளக்குத் தாங்கி. கால்களை எந்தக் கோணத்திலும் இறுக்கி நிறுத்த முடியாது. நில அளவையாளர்களின் மர முக்காலி உண்மையிலேயே உறுதியானது; ஆனால் அதன் திருகு 5/8 அங்குலம், உங்கள் தலைப்பகுதிக்கு வேண்டியது 3/8. இடையில் ஒரு மாற்றித் திருகு வேண்டும் என்பதை விற்கிறவர் சொல்ல மாட்டார். "வெயிலில் மரம் நீளாது, உலோகம் நீளும்" என்றும் விற்பார்கள். ஏறக்குறைய உண்மைதான், ஆனால் அது கோணத்தை நுணுக்கமாக அளக்கிறவரின் கவலை, நிலாவைப் படமெடுக்கிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. குளிரில் தொட்டால் கை விறைக்காது என்பதுதான் உங்களுக்கு உதவும் குணம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். மரக்கால் அடக்குவது கேமராவிலும் காலிலும் பிறக்கும் நடுக்கத்தை. தரையே ஆடினால் எந்தக் காலும் காப்பாற்றாது. நீர்ப்பறவை எடுக்கிறீர்கள் என்பதால் சொல்கிறேன்: பலகை நடைபாதை, பறவை பார்க்க ஒளிந்திருக்கும் மரக்குடில், பாலம், மேல்மாடித் தளம் எல்லாம் இதில் சேரும். பக்கத்தில் ஒருவர் நடந்தால் பலகை வளைகிறது, டிரைபாட் முழுவதும் அதோடு ஏறி இறங்குகிறது. நீங்களே ஒரு காலிலிருந்து மறு காலுக்கு எடையை மாற்றினாலும் அதே கதைதான். அங்கே கால்களைப் பலகையின் நடுவில் வைக்காமல், கீழே தாங்கும் தூணுக்கு மேல் வையுங்கள். அசையாமல் நில்லுங்கள், கூட்டம் கடந்து போகும்வரை காத்திருங்கள். முடியாவிட்டால் ஐஎஸ்ஓவை (ஒளியுணர்திறன் அளவு) ஏற்றி ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். மணல் தூவியது போலப் புள்ளி விழுந்த படம் கலங்கிய படத்தைவிட மேல். இதற்குப் பிறகும் "மர டிரைபாட் வாங்கியும் பாலத்தில் கலங்குகிறது" என்று யாராவது எழுதினால் என்னிடம் வேறு பதில் இல்லை.

சரி, ஈரம். வார்னிஷ் போட்ட ஆஷ் மரம் சேற்றுநீரில் நின்றால் கெட்டுவிடாது. கால்கள் மூடிய குழாய்கள் இல்லை, திறந்த சட்டங்கள்; மணல் உள்ளே சிக்காது, தண்ணீர் ஊற்றினால் போய்விடும். முறுக்கிப் பூட்டும் குழாய்க்காலில் மணல் புகுந்தால் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். வந்ததும் துடைத்து நிழலில் காயவையுங்கள், வெயிலில் பூட்டிய காரில் போடாதீர்கள். வார்னிஷ் உரிந்த இடத்தை உடனே பூசிவிடுங்கள். குறிப்பாக முள் பொருத்திய கீழ்நுனி, வெட்டிய இழைமுனை வழியாகத்தான் நீர் ஏறும்.

வாங்குவதானால் இரண்டு அடுக்குக் கால் போதும், மூட்டு குறைந்தால் ஆட்டமும் குறையும். நடுத்தண்டு வேண்டாம், அதற்குப் பதில் சாய்த்து மட்டம் சரிசெய்யும் குண்டு பொருத்திய மாதிரிகள் உண்டு, காலை நீட்டிக் குறைக்காமலே கேமராவை நேராக்கலாம். மடித்தாலும் நீளமாகவே இருக்கும், முதுகில் கட்டி மலையேறுகிறவர் நீங்கள் என்றால் கார்பனே எடுங்கள். மரம் காய்ந்து சுருங்கும்போது மேல்மூட்டுப் போல்ட்டுகள் தளரும். பையில் ஓர் ஆலன் சாவி (அறுகோணத் திருகுச் சாவி) போட்டுக்கொண்டு, காலை விரித்தால் தானாக விழுகிறதா என்று அவ்வப்போது பாருங்கள். விழுந்தால் போல்ட்டைக் கால்வாசிச் சுற்று இறுக்குங்கள், அதற்கு மேல் திருகினால் மரம் நசுங்கும்.