சிலைக்கு என்ன அவசரம்?

கேள்வி: எங்கள் ஊர் ஏற்காடு மலையில், காபி எஸ்டேட்டுகளுக்கு நடுவே இருக்கிறது. இரண்டு தடவையாகப் பதினொரு வருடம் எங்கள் பங்குத்தந்தையாக இருந்த ஃபாதர் போன மழைக்காலத்தில் இறந்துவிட்டார். அவர் ஆசைப்படியே எங்கள் கல்லறைத் தோட்டத்தில்தான் அடக்கம். பிரசவ வலி வந்த பெண்களை நடுராத்திரியில் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு சேலம் பெரியாஸ்பத்திரிக்கு இறங்கியவர் அவர். கோயில் முன்னால் அவருக்குச் சுரூபம் வைக்கப் பணம் வசூலிக்கிறோம். புது ஃபாதர் வேண்டாம் என்கிறார். பிள்ளை வரம் கேட்டுக் கல்லறைச் சிலுவையில் ஒரு பெண் கட்டிய தொட்டிலையும் அவிழ்க்கச் சொல்லிவிட்டார். என் கணவர் கோபத்தில் பூசைக்கே போவதில்லை. இது பொறாமை இல்லாமல் வேறென்ன?
– பெயர் வேண்டாம், ஏற்காடு

பதில்: எனக்குப் பொறாமையாகத் தெரியவில்லை, சகோதரி. புது ஃபாதர் கொஞ்சம் பதமாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னது சரிதான்.

இறந்தவரிடம் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் சாமி” என்று நீங்கள் மனசுக்குள் கேட்பதை யாரும் தடுக்கவில்லை. பொது வழிபாடு என்பது வேறு. திருச்சபை அருளாளர் (புனிதருக்கு முந்தைய படி), புனிதர் என்று அறிவித்தவர்களுக்கு மட்டுமே அது உண்டு. அவரைப் புனிதராகப் பார்க்க வேண்டும் என்ற ஆசை உங்கள் ஊரில் இருந்தால், தொட்டில் அதற்கு எதிராகத்தான் வேலை செய்யும். இறந்து ஐந்து வருடம் கழியாமல் பொதுவாக அந்த முயற்சியையே தொடங்க முடியாது. தொடங்கும்போது, அவர் கல்லறையில் முன்கூட்டியே பொது வழிபாடு நடக்கவில்லை என்று உறுதிப்படுத்தவும் வேண்டும். விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த நம் தேவசகாயம் 1752-இல் இறந்தார். புனிதராக அறிவிக்கப்பட்டது 2022-இல்.

வசூல் விஷயம். கோயில் காரியத்துக்கென்று தனி ஆட்கள் பணம் திரட்ட ஆயரின் (பிஷப்பின்) எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் (எண் 1265). யாரோ நாளைக்கு “கணக்கு எங்கே?” என்று கேட்டால் கெடுவது உங்கள் ஃபாதர் பேர்தான். அதனால் வசூலை இன்றைக்கே நிறுத்துங்கள். அப்புறம், சிமென்ட் சுரூபத்தில் முகச்சாயல் சரியாக வந்து நான் பார்த்ததே இல்லை.

சிலைக்கு அவசரமில்லை. அவசரம் வேறொன்றுக்கு. 1930-இல் சேலம் மறைமாவட்டம் உருவானபோது முதல் ஆயராக வந்தவர், பிரான்சிலிருந்து மறைப்பணிக்குக் குருக்களை அனுப்பிய பாரிஸ் மிஷன் சபையின் குரு. அந்தச் சபைக் குருக்களைப் பற்றி இன்றைக்கும் நமக்குத் தெரிகிறது என்றால் காரணம், அவர்கள் வருடாவருடம் பாரிசுக்கு அறிக்கை எழுதினார்கள். ஒருவர் இறந்தால் அவர் வாழ்க்கைக் குறிப்பையும் எழுதி வைத்தார்கள். நம் ஊர்க் குருக்களுக்கு யார் எழுதுகிறார்கள்? முப்பதாம் நாள் பூசையோடு ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர், அவ்வளவுதான். அந்த ஜீப்பில் போன பெண்கள் இன்னும் உங்கள் எஸ்டேட் லயன் வீடுகளில் இருக்கிறார்கள். சிலர் திருப்பூர் பக்கம் வேலைக்குப் போயிருப்பார்கள். அவர்களிடம் கேளுங்கள். “ஃபாதர் நல்லவர்” என்று ஆரம்பிப்பார்கள், அதோடு விடாதீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவில் எந்த வளைவில் வண்டி நின்றது? கூட யார் இருந்தது? டீசலுக்கு யார் காசு கொடுத்தது? ஆஸ்பத்திரியில் விடியும்வரை காத்திருந்தாரா, இல்லை காலைப் பூசைக்குத் திரும்பி ஏறிவிட்டாரா? அவர் யாரைத் திட்டினார், யாரோடு மனஸ்தாபம் என்பதையும் எழுதுங்கள். குறையே இல்லாத மனிதரை யாரும் நம்ப மாட்டார்கள். தேதி குழம்பினால் ஞானஸ்நானப் பதிவேடு உதவும். அதில் அவர் கையெழுத்தே இருக்கும். அதை எடுத்துக் காட்ட வேண்டியவர் நீங்கள் கோபித்துக்கொண்டிருக்கும் அதே புது ஃபாதர்தான். கேட்கும் சாக்கில் பேச்சுவார்த்தையும் தொடங்கிவிடும்.

இந்த வேலையை உங்கள் கணவரிடமே கொடுங்கள். செல்போனில் பதிவு செய்வது, வயதானவர்களைத் தேடிப் போவது எல்லாம் அவருக்கு. கோபத்தில் இருக்கிறவரிடம் “பூசைக்கு வாங்க” என்று தினமும் சொல்லாதீர்கள். இறந்த ஃபாதருக்காக ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லிக் கருத்து எழுதிக் கொடுத்து, அந்தப் பூசை என்றைக்கு என்று மட்டும் சொல்லுங்கள். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு எப்படியும் வருவார்.

ஃபாதருக்கு உடன்பிறந்தவர்கள் யாராவது இருப்பார்களே? அடக்கத்தன்று கூட்டத்தில் ஓரமாக நின்றுவிட்டு ஊர் திரும்பியிருப்பார்கள். பங்கு மக்கள் அழுத அழுகையில் அவர்களை யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். நாலு பேர் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அவர் சின்ன வயதுக் கதை அங்கேதான் கிடைக்கும்.

தொட்டில் கட்டிய பெண்ணிடம் தனியாகப் பேசுங்கள். அவமானப்பட்டிருப்பாள். அவளுக்காக அன்பியக் கூட்டத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் செபக் கூட்டம்) செபம் சொல்லலாம்; சேலத்தில் ஒரு நல்ல மகப்பேறு மருத்துவரிடம் துணைக்கும் போகலாம்.

கையில் இருக்கும் பணத்தைக் கொடுத்தவர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பங்குப் பேரவையில் கணக்கு வைத்து, புத்தகம் அச்சடித்தது போக மிச்சமிருந்தால், 108 வந்து சேரத் தாமதமாகும் இரவுகளில் வாடகை ஜீப்புக்கென்று ஒதுக்கலாம். வேண்டாம் என்பவர்களுக்குத் திருப்பிக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.