மார்கன் டாலர் – கடிதம்

வணக்கம் சார்,

அமெரிக்காவின் பழைய மார்கன் வெள்ளி டாலர்களைச் சேர்க்க ஆரம்பித்திருக்கிறேன். 1893இல் சான் பிரான்சிஸ்கோவில் அடித்த டாலரை அரிய காசு என்கிறார்கள். பட்டியலில் பார்த்தால் ஒரு லட்சம் அடித்திருக்கிறார்கள். ஒரு லட்சம் எப்படி அரிதாகும்? ஒருவர் 300 டாலருக்குத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா?

முரளி

அன்புள்ள முரளி,

வாங்காதீர்கள். தேய்ந்துபோன அசல் காசே சில ஆயிரம் டாலருக்குப் போகிறது.

ஒரு லட்சம் என்பது அடித்த கணக்கு, மிஞ்சிய கணக்கு இல்லை. 1918இல் பிட்மன் சட்டத்தின்படி அமெரிக்க அரசு 27 கோடி வெள்ளி டாலர்களை உருக்கியது. பெரும்பகுதி எங்கே போனது தெரியுமா? இந்தியாவுக்கு! போர்க்காலத்தில் நம் ஆட்கள் காகித நோட்டை நம்பாமல் வெள்ளி ரூபாயாக மாற்றிக்கொள்ளக் கிளம்ப, கஜானாவில் வெள்ளி தீர்ந்துவிடுமோ என்று பயந்த பிரிட்டிஷ் அரசு அமெரிக்காவிடம் வாங்கியது. ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாய்களில் எத்தனை மார்கன் டாலர்கள் கரைந்திருக்கின்றனவோ. உருக்கியபோது எந்த ஆண்டுக் காசு, எந்த ஊரில் அடித்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அதுதான் வினை.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1903இல் நியூ ஆர்லியன்ஸில் 44 லட்சம் அடித்தார்கள், ஆனால் கண்ணில் படுவதே இல்லை என்பதால் புதுக்கருக்கு அழியாத காசு ஒன்று ஆயிரம் டாலருக்கு மேல் போனது. 1962இல் பிலடெல்ஃபியா நாணயச்சாலையின் நிலவறையைத் திறந்து, ஆயிரம் ஆயிரமாகக் கட்டிய மூட்டைகளை வெளியே விட்டார்கள், விலை தரைமட்டம். அதற்கு முந்தைய வருடம் ஆசையாக வாங்கியவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அப்புறம் 1895 பிலடெல்ஃபியா: புழக்கத்துக்காக 12,000 அடித்ததாக ஏட்டில் இருக்கிறது, அசலென்று உறுதியான ஒன்றுகூட இதுவரை வரவில்லை, கிடைப்பதெல்லாம் சேகரிப்பாளர்களுக்காக அடித்த 880 ப்ரூஃப் காசுகளில் மிஞ்சியவைதான்.

சரி, உங்கள் காசுக்கு வருவோம். போலி செய்பவர்கள் 1898 சான் பிரான்சிஸ்கோ காசின் கடைசி 8ஐச் சுரண்டி 3 ஆக்குவார்கள், அல்லது 1893 பிலடெல்ஃபியா காசின் பின்பக்கம் சான் பிரான்சிஸ்கோவைக் குறிக்கும் எஸ் எழுத்தை ஒட்டிவிடுவார்கள். அசல் காசுகள் எல்லாவற்றுக்கும் முன்பக்க அச்சு ஒன்றே ஒன்றுதான். அந்த அச்சில் விழுந்த கீறல், லிபர்ட்டி (LIBERTY) என்ற சொல்லில் கடைசிக்கு முந்தைய எழுத்தான T-யின் தலையில் சாய்வான மெல்லிய கோடாகத் தெரியும். அந்த இடத்தைப் பெரிதாக்கிப் படம் அனுப்பச் சொல்லிப் பாருங்கள், அவர் பதிலே போடமாட்டார் என்று நினைக்கிறேன்.