தனியாக மலை ஏறலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன முறை மலையேற்றத்துக்கான ஷூ பற்றி ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, போகிற போக்கில் 'நான் பெரும்பாலும் தனியாகத்தான் போவேன்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். வந்த கடிதங்களில் பாதி திட்டு, மீதி கேள்வி. திட்டுகளை நானே வைத்துக்கொள்கிறேன். கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

தனியாக மலைக்குப் போவது முட்டாள்தனம் இல்லையா? காலை உடைத்துக்கொண்டு கிடந்தால் யார் பார்ப்பது?

நியாயமான கேள்விதான். ஆனால் தனியாகப் போகிறவருக்கென்று பாறை கூடுதலாக வழுக்குவதில்லை. சுளுக்கு, மழை, வழி தப்புவது எல்லாம் பத்துப் பேரோடு போனாலும் வரும். வித்தியாசம் வந்த பிறகுதான். இரண்டு பேர் இருந்தால் ஒருவர் உட்கார்ந்திருக்க மற்றவர் இறங்கிப்போய் ஆள் கூட்டிவரலாம். தனியாளுக்கு அது கிடையாது. நான் இதைவிடப் பெரிய குறையாக நினைப்பது, 'மேகம் கறுக்குது, வா திரும்பிடலாம்' என்று சொல்ல ஒரு வாய் பக்கத்தில் இல்லாததை. உச்சி கண்ணுக்குத் தெரியும்போது நம் மனசு எதையும் கேட்காது, நமக்கு வசதியான பொய்யாகத்தான் சொல்லும்.

ஆரன் ரால்ஸ்டன் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 2003 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ப்ளூஜான் என்ற குறுகலான பள்ளத்தாக்கில் தனியாக இறங்கினார், ஒரு பாறை பெயர்ந்து வலது கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது, ஐந்து நாளுக்கு மேல் அங்கேயே மாட்டிக்கொண்டு கடைசியில் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டு வெளியே வந்தார். எல்லோரும் அந்தத் துணிச்சலைத்தான் பேசுவார்கள். எனக்கு உறைப்பது வேறு: எங்கே போகிறேன் என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. அத்தனை அனுபவம் உள்ளவர், ஒரு துண்டுச்சீட்டு எழுதி வைக்கவில்லை.

அந்தச் சீட்டில் எழுத வேண்டியது நாலே விஷயம். எந்தப் பாதை, எங்கே வண்டியை நிறுத்துகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன், எத்தனை மணி வரை தகவல் வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். நாலாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர் 'வந்துடுவான், இன்னும் கொஞ்சம் பார்க்கலாம்' என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார். அப்புறம், சீட்டில் எழுதிய பாதையை அங்கே போய் மாற்றக் கூடாது. பக்கத்துப் பாதை எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் சரி.

அப்படி என்னதான் சுகம் அதில்? பேச ஆள் இல்லாமல் போர் அடிக்காதா?

முதல் ஒரு மணி நேரம் அடிக்கும். தலைக்குள் ஆபீஸ், கடன், யாரோ சொன்ன வார்த்தை எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். பிறகு எப்போது என்று தெரியாமல் அது அடங்கிவிடும், மூச்சும் காலும் மட்டும் கேட்கும். 2015ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலரை 90 நிமிடம் இயற்கைச் சூழலிலும் வேறு சிலரைப் போக்குவரத்து நிறைந்த சாலையோரமும் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். இயற்கையில் நடந்தவர்களிடம், பழசையே திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருக்கும் அந்தக் குணம் குறைந்திருந்தது. எனக்கு அந்த ஆய்வைப் படிக்கும் முன்பே தெரியும் என்று பீற்றிக்கொள்ளத்தான் ஆசை.

இன்னொன்று, நடையின் வேகம் நம்முடையது. குழுவில் போனால் வேகமாகப் போகிறவருக்காக மூச்சிரைப்போம், இல்லை மெதுவாக வருகிறவருக்காகக் காத்திருந்து உடம்பு குளிர்ந்துபோகும். தனியாக இருந்தால் ஒரு வண்டு இலையைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் உட்காரலாம், 'போகலாமா' என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆபத்துக்கும் சுகத்துக்கும் காரணம் ஒன்றேதான் என்பது வேடிக்கை. இரண்டாவது ஆள் இல்லை.

காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு நடக்கலாமா?

வேண்டாம். மேலே கல் உருளும் சத்தமும் பின்னால் வருகிற மிருகத்தின் சத்தமும் காதுக்குத்தான் முதலில் தெரியும். பாட்டுக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் ஏறினீர்களா?

முதல் தடவை தனியாகப் போகிறேன். எவ்வளவு தூரம் வைத்துக்கொள்வது?

ஏற்கெனவே யாருடனாவது போய்வந்த பாதையாக, மற்றவர்களும் நடக்கிற பாதையாகப் பாருங்கள். நேரத்தைக் கணக்குப் போட நெய்ஸ்மித் விதி என்று ஒன்று உண்டு, 1892ல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் சொன்னது, இன்றும் ஓடுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம். 12 கிலோமீட்டர் பாதை, 900 மீட்டர் ஏற்றம் என்றால் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். இதில் உட்காருவது, போட்டோ எடுப்பது, வழியைத் தேடுவது எதுவும் சேராது, அதுவும் இது நல்ல உடல்வலு உள்ளவருக்கான கணக்கு. நான் எப்போதும் அதை ஒன்றரை மடங்காக்கிக்கொள்வேன், வருகிற விடையை வைத்து இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே இறங்கிவிடுகிற மாதிரி கிளம்புவேன். பகல் நடைதானே என்று தலையில் மாட்டும் டார்ச்சை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இன்ன மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புவேன் என்று ஒரு நேரத்தைக் கிளம்பும்போதே குறித்துக்கொள்ளுங்கள். நான் சொன்னேனே, பக்கத்தில் இல்லாத அந்த வாய், அதற்குப் பதில் இந்த நேரம். ஒரு தடவை நான் இதை மீறி உச்சிக்குப் போனேன், இறங்கும்போது அவசரத்தில் கணுக்கால் பிசகி, அரை மணியில் இறங்க வேண்டிய சரிவைக் குச்சி ஊன்றி மூன்று மணி நேரம் இறங்கினேன். உச்சியில் பார்த்தது ஒன்றும் இப்போது நினைவில் இல்லை.

போன் இருக்கிறது, பவர் பேங்க் இருக்கிறது. போதாதா?

போன் நல்ல துணைதான், சிக்னல் இருக்கும்வரை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாமலும் ஜிபிஎஸ் நாம் நிற்கும் இடத்தைக் காட்டும். ஏரோபிளேன் மோடில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் டவரைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். குளிரிலும் பேட்டரி சீக்கிரம் இறங்கும், உடம்போடு ஒட்டி வைப்பது நல்லது. அழைப்பு போகாத இடத்தில் சில சமயம் எஸ்எம்எஸ் போய்ச் சேரும்.

சிக்னலே எட்டாத இடம் என்றால் சாட்டிலைட் வழியே அபாய அறிவிப்பு அனுப்பும் பீக்கன் கருவி இருக்கிறது. அந்த அறிவிப்பைப் பிடித்து மீட்புப் படைக்குச் சேர்க்கும் காஸ்பாஸ்-சர்சாட் என்ற அமைப்பை, பனிப்போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே அமெரிக்கா, சோவியத் யூனியன், கனடா, பிரான்ஸ் நான்கும் கைகோத்து உருவாக்கின. 1982லேயே அதன் மூலம் உயிர்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் சில நாடுகளில் அனுமதி இல்லாமல் சாட்டிலைட் கருவி வைத்திருப்பதே குற்றம், போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சொல்லிவிட்டு, நான் யாருக்கும் முதலில் வாங்கச் சொல்வது ஒரு விசில். தொண்டை கட்டிப்போன பிறகும் விசில் ஊதலாம், பேட்டரி வேண்டாம். ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை. உதவி வேண்டும் என்பதற்கான மலைக்குறி அது, இரவில் டார்ச்சாலும் இதையே செய்யலாம். பதிலுக்கு மூன்று கேட்டால் ஆள் வருகிறது என்று அர்த்தம். வட அமெரிக்காவில் மட்டும் உதவி கேட்பதே மூன்று முறை.

வழி தப்பிவிட்டது என்று தெரிந்தால் முதலில் என்ன செய்வது?

உட்காருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு, கடைசியாக எந்த இடத்தில் பாதை நிச்சயமாகத் தெரிந்தது என்று யோசியுங்கள். அங்கே திரும்பிப் போக வழி தெளிவாகத் தெரிந்தால் மட்டும் எழுந்திருங்கள். 'நேராகப் போனால் எங்காவது பாதை வந்துதானே ஆகணும்' என்ற எண்ணம்தான் ஆளை விழுங்கும். 2009ல் ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வாளர்கள் காட்டிலும் சஹாரா பாலைவனத்திலும் ஆட்களை நேராக நடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். சூரியனோ நிலவோ கண்ணில் படாதபோது, நேராகத்தான் போகிறோம் என்று நம்பிக்கொண்டே வட்டமடித்தார்கள்.

2013ல் அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதையில் தனியாக நடந்த ஒரு பெண், ஒதுங்குவதற்காகப் பாதையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போனவர், திரும்பி வரவே முடியவில்லை. கணவருக்கு அனுப்பிய செய்திகள் சிக்னல் இல்லாமல் போனிலேயே தங்கிவிட்டன. மூன்று வாரத்துக்கு மேல் உயிரோடு இருந்திருக்கிறார். அவர் கூடாரம் கிடைக்க இரண்டு வருடம் ஆயிற்று, அதுவும் பாதையிலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில், அடர்ந்த மரங்களுக்குக் கீழே. இதைப் படித்ததிலிருந்து, பத்தடி ஒதுங்கினாலும் ஊன்றுகோலைப் பாதையில் நட்டுவிட்டு, நாலடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். தங்கிக் காத்திருக்க நேர்ந்தால் மேலிருந்து பார்த்தால் தெரிகிற வெட்டவெளிக்கு அருகில், பளிச்சென்ற நிறத்துணியை விரித்து வைத்துவிட்டு இருங்கள்.

நான் பெண். எனக்குப் பாறையைவிட மனிதர்களைப் பார்த்துத்தான் பயம்.

அது வீண் பயம் என்று நான் சொல்லப் போவதில்லை. தனியாக வந்திருக்கிறேன், இன்ன இடத்தில் தங்குகிறேன் என்பதை வழியில் கேட்கிற யாரிடமும் சொல்ல வேண்டாம், 'பின்னாடி வராங்க' என்ற ஒரு பொய் போதும். போட்டோக்களைத் திரும்பி வந்த பிறகு போடுங்கள். வண்டிச் சாலையை ஒட்டிய இடத்தில் கூடாரம் வேண்டாம். ஓர் ஆள் சரியில்லை என்று மனசுக்குப் பட்டால் காரணம் தேடாமல் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள், மரியாதை பார்க்க வேண்டாம்.

எம்மா கேட்வுட்டைத் தெரியுமா? பதினோரு பிள்ளைகள் பெற்றவர், 1955ல் தன் 67வது வயதில் சாதாரண கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு, தானே தைத்த துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அதே அப்பலாச்சியன் பாதை முழுவதையும், 3,000 கிலோமீட்டருக்கு மேல், தனியாக நடந்து முடித்தார். அதற்கு முந்தின வருடம் போய், வழி தப்பி, கண்ணாடி உடைந்து, வீட்டுக்குத் திரும்பினார் என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு அந்த முதல் வருடம்தான் பிடிக்கும். திரும்பினதால்தான் மறு வருடம் போக முடிந்தது.

உயரமான பனிமலைகளுக்கும் தனியாகப் போகலாமா?

அங்கே நான் போக மாட்டேன். 2,500 மீட்டருக்கு மேல் காற்று மெலிவதால் உயர நோய் வரலாம், முற்றினால் புத்தி தடுமாறும். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினாலும் இதே கதைதான், நாக்குக் குழறும், கால் பின்னும், 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று சொல்லத் தோன்றும். இரண்டிலும் நோயாளிக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும். நேபாளம் 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவர் வழிகாட்டியோடுதான் மலையேற்றம் போக வேண்டும் என்று விதி போட்டபோது பலர் கோபப்பட்டார்கள், எனக்கு அதில் கோபம் இல்லை. தாழ்ந்த மலைகளிலும் ஈரமும் காற்றும் சேர்ந்தால் குளிர் கொல்லும். 1,000 மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி குறையும். நனைந்தால் பருத்திச் சட்டை சூடு தராது, பையில் ஒரு மாற்றுச் சட்டையும் மழைக்கோட்டும் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

அப்பாவுக்கு 63 வயது. மாதம் ஒருமுறை தனியாக மலைக்குப் போய்விடுகிறார். எப்படித் தடுப்பது?

தடுக்காதீர்கள், சொல்லாமல் போகப் பழகிவிடுவார். டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, அந்தச் சீட்டை உங்களிடம் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் குறித்த கடைசி நேரம் தாண்டினால் அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டிருக்காமல் உடனே மீட்புப் படையையோ போலீஸையோ கூப்பிடுங்கள், அவர் ஐந்து நிமிடம் கழித்து வந்து நின்று 'எதுக்குடா இத்தனை பேரு' என்று சத்தம் போட்டாலும் பரவாயில்லை. அன்று மட்டும் உங்கள் போனை சைலன்ட்டில் போடாதீர்கள்.