கிணற்றுத் தண்ணீர் சரியில்லை என்றால் மேப்பிள் பாகும் கெடுமா?

வளவில் மேப்பிள் மரம் நிற்கிறது, கிணற்றுத் தண்ணீரோ இரும்பு வாடை, மரத்தின் சாற்றை எடுத்துப் பாகு காய்ச்சலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் என்னைப்போல ஒன்ராறியோவில் நகரத்துக்கு வெளியே குழாய்க்கிணறு உள்ள வீடு வாங்கி மாட்டிக்கொண்டவர் என்று நினைக்கிறேன்.

காய்ச்சலாம். என் கிணறு 45 மீற்றர் ஆழம். மேப்பிள் வேர்களில் பெரும்பங்கு மேலே ஓரிரண்டு அடி மண்ணுக்குள்தான் ஓடுகிறது. அது குடிப்பது மழையும் உருகிய பனியும். சாற்றில் இருக்கும் சீனியும் போன கோடையில் இலைகள் செய்து மரம் மாவாகச் சேர்த்து வைத்தது.

மண்ணியல் படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம், மண்ணுக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. அமில மழையில் கல்சியம் கழுவுண்டு போன மண்ணில் சீனி மேப்பிள் நோஞ்சானாகிவிடும். ரோட்டில் கொட்டும் உப்பும் அதற்கு ஆகாது. பழைய பெற்றோல் நிலையம் இருந்த நிலமென்றால் அந்த மரத்தை நான் தொடமாட்டேன்.

ஆனால் என் முதல் பாகு கெட்டது மண்ணால் அல்ல. மார்ச் மாதம், பின்வளவில் விறகடுப்பு. 40 லீற்றர் சாறு வற்றினால் ஒரு லீற்றர் பாகு. தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 பாகை செல்சியஸ் மேலே போகவேண்டும், இரவு பதினொரு மணிக்கு அதற்காகக் காத்திருக்கிறேன், மச்சான் போன் எடுத்தான். பேசிவிட்டுத் திரும்பினால் நுரை பொங்குகிறது, தட்டின் ஓரம் கருகுகிறது. வாளியில் சாறு இல்லை. குசினிக்கு ஓடி இரண்டு செம்பு குழாய்த் தண்ணீர், அதுவும் கிணற்றுத் தண்ணீர்தான், ஊற்றிவிட்டேன்.

காலையில் பார்த்தால் திறப்பை நக்கியது போல ஒரு ருசி, அடியில் மணல் வேறு. "மண்ணைக் காய்ச்சி வச்சிருக்கிறியள்" என்றா மனிசி. நானும் நம்பி, காசு கட்டி மண்ணை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினேன். மண்ணில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த வருடம் அதே மரம், வெளித்தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை. பாகு தேன் நிறத்தில் வந்தது. முதல் வருடம் ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போனது, அதன் இரும்பு தட்டிலேயே தங்கிவிட்டது, அவ்வளவுதான். மணல் மட்டும் மறுபடியும் இருந்தது. அது சாற்றிலேயே உள்ள கல்சிய உப்பு, காய்ச்சும்போது திரண்டு படியும். சூட்டோடு தடித்த கம்பளித் துணியில் வடித்தால் போய்விடும், உடம்புக்கும் கெடுதல் இல்லை. பழைய ரின் வாளிகளில்தான் கவனம் வேண்டும், ஈயப் பற்றவைப்பு இருக்கும்.

ஒரு சங்கதி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். சொந்தக்காரருக்குக் கண்ணாடிப் போத்தலில் கொடுக்காதீர்கள். ஆறு கொடுத்தேன். ஒன்றுதான் திரும்பி வந்தது, அதற்கும் மூடி இல்லை.